விடுமுறையில் திறந்திருக்கும் வகுப்பறை

குளிர்நாடுகளில் டிசம்பர் மாதம் பனி பொழியும். அங்குள்ள பள்ளிகளுக்கு அது குளிர்கால விடுமுறை. சிங்கப்பூரில் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழைதான் உண்டு. நம் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நீடிக்கிறது.

இந்த வாரங்களில் தமிழுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசும் மாணவருக்குத் தமிழ் வகுப்புதான் தமிழ் புழங்கும் முக்கிய இடம். வகுப்பு நின்றால், தமிழைக் கேட்பதும் பேசுவதும் படிப்பதும் நின்றுபோகின்றன. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது, நன்கு தெரிந்த சொல்கூட நாவில் வரத் தயங்குகிறது. இந்த இடைவெளியை இணையக் கற்றல் வளங்களால் நிரப்ப முடியுமா?

பள்ளிக் கதவுகள் மூடியபோது

இக்கேள்விக்கு 2020ஆம் ஆண்டு ஓரளவு விடை தந்தது. கொவிட்-19 கிருமித்தொற்று பரவியதால், அவ்வாண்டு ஏப்ரல் 8 முதல் மே 4 வரை மாணவர்கள் அனைவரும் வீட்டிலிருந்தபடி கற்றனர். கல்வி அமைச்சின் ‘மாணவர் கற்றல் தளம்’ 2018 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. எனவே ஆசிரியர்கள் பாடங்களையும் பயிற்சிகளையும் அதன்வழி அனுப்ப முடிந்தது.

ஆயினும், எல்லா வீடுகளிலும் ஆளுக்கொரு கணினி இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கணினிக்குக் காத்திருந்த வீடுகளும் உண்டு. பள்ளிகள் ஆயிரக்கணக்கான மடிக்கணினிகளையும் கைக்கணினிகளையும் இரவல் கொடுத்தன. பாடம் இணையத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதை எட்டும் வழியும் மாணவரிடம் இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் வழங்கும் திட்டம் 2028க்குள் முடிவதாக இருந்தது. அது விரைவுபடுத்தப்பட்டு, 2021இலேயே நிறைவேற்றப்பட்டது.

தமிழ் இணையத்தில் ஏறிய கதை

இன்று கைப்பேசியில் எளிதாகத் தமிழைப் படிக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் இது எளிதன்று. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீட்டு எண்களைப் பயன்படுத்தியது. ஒரு கணினியில் தட்டெழுதிய கடிதத்தை வேறு எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளே தெரியும்.

இந்தத் தடையை நீக்க உழைத்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி. அவர் எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் திரு ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் எழுத்துகள் இடம்பெற வழிசெய்தவர் கோவிந்தசாமி. 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெறவும் அவர் முன்னின்று உழைத்தார். 1999இல் மறைந்தார். பின்னாளில் யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறை பரவியதால், தமிழ் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியத் தொடங்கியது. நாம் இன்று திறக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் பின்னும் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

எங்கே தேடலாம்?

தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தமிழ் மின்னூல்களை இரவல் பெறலாம். அவ்வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழையும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களையும் காணலாம். நாடு பொன்விழாக் கொண்டாடிய 2015இல், ஐம்பதாண்டு காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் தொகுக்கப்பட்டன.

வெளிநாடுகளிலும் வளங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடங்களையும் மின்நூலகத்தையும் வழங்குகிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது.

ஒரு தெருப் பெயரிலிருந்து

இத்தனை வளங்களையும் பார்த்து மலைக்கவேண்டாம். ஒரு சிறு கேள்வியுடன் தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே உள்ளன. ‘பஃபலோ’ என்பது ஆங்கிலத்தில் எருமை. ‘கெர்பாவ்’ என்பது மலாய்மொழியில் எருமை. ஒரே வட்டாரத்தில் எருமைக்கு இரண்டு தெருக்கள் ஏன்?

தேடிப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டில் அங்குக் கால்நடை வணிகம் செழித்தது தெரியவரும். நீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டுக் கொட்டில்கள் பெருகின. அத்தொழிலை நம்பித் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். பழைய நாளிதழில் அக்காலத்துச் செய்திகளைத் தேடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் முதியோர் தம் இளமைக்கால நினைவுகளைப் பகிர்வதைக் கேட்கலாம். இவ்வாறு ஒரு சொல், ஒரு வட்டாரத்தின் வரலாற்றையே திறந்துவிடுகிறது.

தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவதாக, ஒரு செய்தியைக் குறைந்தது இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். யார், எப்போது எழுதியது என்றும் கேளுங்கள். இரண்டாவதாக, பழைய இதழ்களில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். அவை எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்கள். சில பக்கங்களைப் படித்ததும் கண் பழகிவிடும்.

திரைக்கு அப்பால்

இணைய வளங்களுக்கும் எல்லை உண்டு. காணொளி நம்மிடம் பேசும். நாம் தடுமாறிப் பேசுவதை அது பொறுமையாகக் கேட்காது. நாம் சொன்னதை மறுக்காது, எதிர்க்கேள்வியும் கேட்காது. மொழி வளர்வது உரையாடலில்தான். ஆகவே, கற்றதை ஒரு மனிதரிடம் கொண்டுசெல்லவேண்டும். தெருப் பெயரைப் பற்றிப் படித்தபின், “பாட்டி, அந்தக் காலத்தில் தேக்கா எப்படி இருந்தது?” என்று வீட்டில் கேட்கலாம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது கடைக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் அக்காலப் பொருள்களை நேரில் காணலாம்.

விடுமுறை ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரியது. நாள் முழுவதும் திரைமுன் அமரத் தேவையில்லை. ஒரு நாளில் அரைமணி நேரம் தமிழில் ஒன்றைப் படித்து, அதைப் பற்றி ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே போதும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சொற்கள் தயங்காமல் வரும்.

சிந்தித்துப் பேசுக

1. வளம் இருப்பதற்கும் அதை எட்ட முடிவதற்கும் உள்ள வேறுபாட்டை 2020ஆம் ஆண்டு அனுபவத்தைக் கொண்டு விளக்குக.
2. காணொளியால் செய்ய முடியாத எவற்றை உரையாடல் செய்கிறது? உன் கருத்தைக் கூறுக.
3. நீ வசிக்கும் வட்டாரத்தின் பெயர்க்காரணத்தை இணையத்திலும், முதியவர் ஒருவரிடமும் கேட்டறிந்து, இரண்டையும் ஒப்பிடுக.