கிராங்க் மாற்றிய பின் எஞ்சின் தட்டுகிறதா? பிரிப்பதற்கு முன் கேளுங்கள்

இடம்பெயர்ந்து வந்து, நுவரெலியாவுக்கு அருகில் குத்தகைக் காணியில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் குடும்பம் ஒன்றை நாங்கள் அறிவோம். மரக்கறி ஏற்றவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவர்களிடம் இருந்தது ஒரு பழைய மொறிஸ் மைனர். அதன் கிராங்க் தேய்ந்து போகவே, தோட்டை அடகு வைத்து வேறொன்று போட்டார்கள். முதல் நாளே றம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. "மறுபடியும் இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று கராஜில் சொன்னார்கள். அதற்குப் பணம் ஏது? பிரிக்காமலே சத்தத்தை ஆராய நாங்கள் கூடச் சென்றோம். அன்று செய்தவற்றையே இங்கு பாடமாகத் தருகிறோம்.

முதலில் ஒயில்

கிராங்கும் பெயரிங்கும் ஒன்றோடொன்று உரசுவதில்லை. இடையே மெல்லிய ஒயில் படலம் இருக்கிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் புதிய கிராங்கும் கெட்டுவிடும். எனவே ஒயில் மட்டத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். கட்டி இழுத்துச் செல்லுங்கள். மொறிஸ் மைனரில், சூடான எஞ்சின் ஓட்டத்தில் ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தல் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது 15க்குக் குறையக் கூடாது.

சத்தம் எப்போது வருகிறது?

1. ஏற்றத்தில் மட்டும், டப்பாவில் சிறு கல் குலுங்குவது போல் கிணுகிணுத்தால், பெற்றோல் நேரந்தவறி எரிகிறது. கிராங்க் மாற்றும்போது டைமிங் செயினும் கழற்றப்படும். டிஸ்ட்ரிபியூட்டரும் இடம் மாறியிருக்கலாம்.

2. ஓட்டத்தில் அக்சிலேட்டரை விட்டு மறுபடி மெல்ல அழுத்தும்போது "கடக் கடக்" என்றால், பிக் எண்ட் பெயரிங்கைச் சந்தேகியுங்கள்.

3. பாரம் இழுக்கையில் அடியிலிருந்து "தொம் தொம்" என்று கனமாக வந்தால், அது மெயின் பெயரிங்காக இருக்கலாம்.

4. கிளச்சை மிதித்ததும் சத்தம் மாறினால், ஃபிளைவீல் போல்ட்டுகளையும், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்களையும் பாருங்கள்.

5. சத்தம் முன்பக்கம் என்றால், கிராங்க் புலியின் போல்ட் இறுகியுள்ளதா என்று பாருங்கள். இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

எந்தச் சிலிண்டர்?

எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்போடு தொடுத்து வையுங்கள். பின் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். இவ்வாறு நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்றைக் கழற்றியதும் தட்டு குறைந்தால், அந்தச் சிலிண்டரின் பிக் எண்டில் குறை இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துக் கழற்றும்போது மட்டும் குறைந்தால், அவற்றுக்கு நடுவிலுள்ள மெயின் பெயரிங்கைப் பாருங்கள். முந்தானை, கம்பளிச் சால்வை ஆகியவை காற்றாடியில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள். கம்பியூட்டர் உள்ள புதிய வாகனங்களில் இச்சோதனையைச் செய்ய வேண்டாம்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால்

பக்கத்தில் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். லேத்தில் கிராங்கை எவ்வளவு கடைந்தார்கள்? அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 அல்லது 40 என்று கடைவார்கள். பெயரிங்கின் முதுகிலும் அதே எண் இருக்க வேண்டும். பெயரிங் மூடிகள் தத்தம் இடத்தில், பழைய திசையிலேயே பூட்டப்பட்டனவா? கடைந்த தூள் போக ஒயில் துவாரங்கள் கழுவப்பட்டனவா?

மண்ணெண்ணெய் பற்றி

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மில் பலர் கண்டவர்கள். அன்று வேறு வழியில்லை. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோல் எஞ்சினைத் தட்ட வைக்கும். எரியாத மிச்சம் வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கும், பெயரிங் தேயும். இன்றும் பெற்றோலில் அதைக் கலந்தால், எத்தனை கிராங்க் மாற்றினாலும் பயனில்லை.

அந்த மொறிஸ் மைனருக்கு என்ன ஆயிற்று? ஒயில் சரியாக இருந்தது. மெதுவாக ஓடும்போது சத்தமே இல்லை. ஏற்றத்தில் மட்டும் கிணுகிணுப்பு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்திச் சிறிது பின்னோக்கித் திருப்பினோம். மறுபடி ஏற்றத்தில் ஓட்டியபோது சத்தம் நின்றது. ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமுந்தான் செலவு. குறை எப்போதும் இவ்வளவு சிறிதாக இராது. ஆயினும் சத்தத்தை அறிந்து போகிறவர், தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்க மாட்டார்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் வாகனத்தின் ஒயிலைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?
2. கராஜில் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குகிறோமா?
3. ஒயில் அமுக்கமானி ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாமா?