வீட்டுத் தொட்டிக்கு முதல் கில்லி மீன் எது?

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளை என்றால் கட்டுத்தறிக்கு அருகில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் சில நாட்கள் தண்ணீர் மாற்றாமல் விட்டால் கொசுப்புழு நெளியத் தொடங்கும். வீட்டுப் பிள்ளைகளோ கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு தேவைக்கும் பொருந்தும் மீன் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கில்லி மீன் என்று பெயர். அதில் எந்த வகையை முதலில் வளர்ப்பது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பெயரைக் கேட்டு இது கொல்லும் மீன் என்று எண்ண வேண்டாம். டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை. ஓடையில் வாழும் சிறு மீன் என்பதே பொருள். உலகில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கில்லி மீன் வகைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் தவிர மற்ற கண்டங்களில் எல்லாம் இவை காணப்படுகின்றன.

இரண்டு பிரிவுகள்

விவசாயிகளுக்குப் புரியும்படி சொன்னால், கில்லி மீன்களில் மானாவாரி வகையும் உண்டு, இறவை வகையும் உண்டு.

ஆப்பிரிக்காவில் மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து, பிறகு வறண்டு போகும் குட்டைகளில் 'நோத்தோபிராங்கியஸ்' என்ற வகை வாழ்கிறது. தண்ணீர் வற்றியதும் மீன் இறந்துவிடும். ஆனால் சேற்றில் இட்ட முட்டைகள் வறண்ட மண்ணுக்குள் உயிரோடு காத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். சில மாதங்களிலேயே குஞ்சு வளர்ந்து, முட்டையிட்டு, ஆயுளை முடித்துக்கொள்ளும். இது மானாவாரி வகை.

ஆண்டு முழுவதும் தண்ணீர் உள்ள ஓடை, வாய்க்கால், குளங்களில் வாழ்ந்து, செடி வேர்களில் தினம் சில முட்டைகளாக இடுபவை இறவை வகை. இவை சில ஆண்டுகள் வாழும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விதை வாங்கும்போது நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்றதா என்று பார்க்கிறோம் அல்லவா? மீனுக்கும் அதே கணக்குதான். தண்ணீர், வெயில், தீனி ஆகிய மூன்றையும் வைத்துக் கீழ்க்கண்ட நான்கு வகைகளை ஒப்பிடலாம்.

1. நோத்தோபிராங்கியஸ்: கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் முட்டையை ஈர மண்ணில் எடுத்து, வாரக்கணக்கில் பாதுகாத்து, உரிய நாளில் தண்ணீர் ஊற்றிப் பொரிக்க வைக்க வேண்டும். நாள் தவறினால் வம்சமே போய்விடும். புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றதல்ல.

2. கார்ட்னரி: நைஜீரியா, கேமரூன் நாட்டு மீன். மேல்நாட்டில் முதல் மீனாகப் பலரும் பரிந்துரைப்பது இதைத்தான். சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புவது. அங்கே வீட்டுக்குள் குளிர் இருப்பதால் சரியாக வருகிறது. நம் சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் உள்ள தொட்டியில் இதைக் காப்பாற்றுவது கடினம்.

3. குட்டை வகைகள்: தென்னிந்தியாவிலேயே பெரிதாக வளராத 'பிளாக்கி', 'பார்வஸ்' என்ற வகைகள் உண்டு. பார்வஸ் மீனுக்குப் பெயரிட்டவர் சுந்தரராஜ். சென்னை வட்டார நன்னீர் மீன்களைப் பற்றி அவர் 1916-இல் எழுதினார். அழகான, சாதுவான மீன்கள்தான். ஆனால் வாய் சிறியது. குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தீனி வேண்டும். இரண்டாவதாக வளர்க்கலாம்.

4. வரிக் கில்லி: அறிவியல் பெயர் 'அப்ளோகைலஸ் லினியேட்டஸ்'. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் மீன். நான்கு அங்குலம் வரை வளரும். வெயிலைத் தாங்கும். மென்னீரிலும் ஓரளவு கடின நீரிலும் வாழும். கொசுப்புழு அதற்கு விருப்பமான உணவு.

முதல் மீன் இந்த நான்காவதுதான். வெளிநாட்டிலும் இதை விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். வண்ண மீன் கடைகளில் 'கோல்டன் ஒண்டர்' என்ற பெயரில் தங்க நிறத்தில் விற்கும் மீன், இதே வரிக் கில்லியைப் பண்ணையில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிற வகை. நம் வாய்க்கால் மீன்தான் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறது.

அடையாளம்

மேலிருந்து பார்த்தால் தலை உச்சியில் வெள்ளி போல் மின்னும் ஒரு பொட்டு தெரியும். தலை தட்டையாகவும், வாய் மேல்நோக்கியும் இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டியே அசையாமல் நின்று இரை தேடும். கண் எப்போதும் வானத்தைப் பார்ப்பது போல் இருப்பதால், கேரளத்தில் இந்த இன மீன்களை 'மானத்துக்கண்ணி' என்பார்கள்.

ஆண் மீனின் உடலில் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக மின்னும். அடித் துடுப்பு நீண்டு கூர்மையாக இருக்கும். பெண் மீனின் உடலில் கருமையான குறுக்குப் பட்டைகளும், முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கரும் புள்ளியும் தெளிவாகத் தெரியும்.

பிடிக்கும் முறை

வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தும் காலமே ஏற்றது. பள்ளங்களில் தேங்கிய நீரில் சிறு மீன்கள் ஒதுங்கி நிற்கும். சில நாளில் அந்த நீரும் வற்றி அவை மடியும். அப்போது கொசுவலைத் துணியால் மெதுவாக ஏந்தி எடுக்கலாம். இரண்டு ஆண், நான்கு பெண் போதும். ஓடும் ஓடையை வாரிக் காலி செய்யக்கூடாது. மீன்பிடி குத்தகை விட்ட குளமானால் குத்தகைதாரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாயக் கழிவு, சாக்கடை கலக்கும் இடத்து மீன் வேண்டாம். பிடித்த மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீனோடு சேர்க்க வேண்டும்.

கண்ணாடித் தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஓர் ஆணுக்கும் இரண்டு பெண்ணுக்கும் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்திருந்து பிறகு ஊற்றலாம். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் நல்லது. மிதக்கும் நீர்ச்செடி கொஞ்சம் இருக்க வேண்டும்.

மூடி மிக முக்கியம். இது துள்ளும் மீன். நான் முதலில் வளர்த்தபோது, குழாய் நுழைவதற்காக மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். மறுநாள் காலையில் ஆண் மீன் தரையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆகவே மூடியில் இடைவெளி இருந்தால் வலைத்துணி வைத்து அடைத்துவிடுங்கள்.

இதன் வாயில் நுழையும் அளவுள்ள எந்தச் சிறு மீனையும் விழுங்கிவிடும். எனவே குட்டி மீன்களோடு சேர்த்து விட வேண்டாம். கொசுப்புழு, சிறு பூச்சி, நறுக்கிய மண்புழு ஆகியவற்றை இரையாகக் கொடுக்கலாம். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும்.

குஞ்சு பொரிக்கும் முறை

செயற்கைக் கம்பளி நூலை அரை அடி நீளத்தில் முப்பது, நாற்பது இழை வெட்டி, நடுவில் கட்டி, ஒரு தக்கையில் தொங்கவிட வேண்டும். பஞ்சு நூல் அழுகிவிடும். சாயம் போக முதலில் கொதிக்க வைத்து அலசிக்கொள்ள வேண்டும். பெண் மீன் இந்த இழைகளில் தினம் சில முட்டைகளாக ஒட்டி வைக்கும். முட்டை கெட்டியாக இருப்பதால் விரலாலேயே பக்குவமாக எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் தாய் தந்தையே தின்றுவிடும்.

முட்டையை ஆழமில்லாத சிறு டப்பாவில், அதே தொட்டித் தண்ணீரில் வைக்க வேண்டும். வெண்மையாகிப் பூசணம் பிடித்ததைத் தினம் எடுத்துவிட வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். பாசி படர்ந்த பழைய நீரில் உள்ள நுண்ணுயிர்களும், துணியில் வடிகட்டிய மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளும் முதல் தீனி. சில வாரங்களில் பெரிய குஞ்சு சிறியதை விழுங்கத் தொடங்கும் என்பதால் அளவு பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும்.

மாட்டுத் தொட்டியில் பயன்

கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1912-இல் சீவெல், சவுத்ரி ஆகிய இருவர் எழுதிய நூல் ஒன்றை வெளியிட்டது. கொசுப்புழுவைத் தின்று பயன் தரும் இந்திய மீன்களைப் பற்றியது அது. அதன் பிறகு 1928-இல் கொசு ஒழிப்புக்கென்றே 'கம்பூசியா' என்ற அமெரிக்க மீன் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வீட்டு வாசலில் இருந்த வேலைக்காரனை விட்டுவிட்டு வெளியூர் ஆளைத் தேடிய கதைதான். கம்பூசியா மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். துடுப்பைக் கடித்துக் குதறும்.

வீட்டில் பெருகிய வரிக் கில்லிகளில் ஆறு மீனைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புழு மீதி இருந்தால் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். டெங்கு பரப்பும் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. ஆகவே இது பிள்ளைகள் விளையாட்டு மட்டுமல்ல. ஆனால் தேங்காய்த் தொட்டி, பழைய டயர், உரலில் தேங்கும் நீருக்கு மீன் மருந்தல்ல. அவற்றைக் கவிழ்த்துக் காலி செய்ய வேண்டும். குடிநீர்ப் பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன் மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். நன்றாகக் கழுவி, பழைய தண்ணீர் ஊற்றிய பிறகே திரும்ப விட வேண்டும்.

* மருந்து தெளிப்பானைத் தொட்டியில் கழுவக்கூடாது. மாட்டு உண்ணிக்குப் போடும் மருந்து வழிந்து தொட்டியில் விழக்கூடாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும்.

* கடையில் வாங்கிய எந்த மீனையும் கிணற்றிலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ விடக்கூடாது. வளர்க்க முடியாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். தங்க நிறக் கில்லியும் இதில் அடங்கும். அது நம் இனமே ஆனாலும், பண்ணையில் மாறிய வம்சமும் பண்ணை நோயும் வாய்க்கால் மீனோடு கலந்துவிடும்.

இந்த மீனால் பெரிய வருமானம் வரும் என்று சொல்வதற்கில்லை. செலவு மிகக் குறைவு என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஓடைகள் வறண்டும் கழிவு கலந்தும் போகிற இந்நாளில், நம் ஊர் மீன் ஒன்று தொட்டியில் வம்சம் தழைத்திருப்பதே ஒரு சேமிப்பு. நாட்டு விதையைக் குதிரில் காத்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரையோரம் போய்ப் பாருங்கள். தேங்கிய நீரில் வெள்ளிப் பொட்டு மின்னினால், உங்கள் முதல் கில்லி மீன் அதுதான்.