படம் நின்று நின்று ஓடுகிறதா?

திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியதும் பலர் வேகமான பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். கோளாறு லைனிலா, வைஃபையிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகம் பாருங்கள். ஊரே படம் பார்க்கிற இரவு ஒன்பது மணிக்குப் பார்ப்பது நல்லது. கேபிளிலும் வேகம் இல்லையென்றால் இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அவர்தான் வரவேண்டும்.

கேபிளில் வேகம் சரியாக இருந்தால் குறை வீட்டுக்குள். ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபைபர் இழுக்க வந்தவர் வாசலோரம் துளை போட்ட இடத்திலேயே மாட்டிவிட்டுப் போயிருப்பார். டிவியோ இரண்டு சுவர் தள்ளி இருக்கும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, மீன் தொட்டி எல்லாமே சிக்னலைத் தின்றுவிடும். வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், நெஞ்சு உயரத்துக்கு மேல் வையுங்கள். ஃபைபர் வயரை நீங்களே இழுக்கவோ மடக்கவோ வேண்டாம், உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும்.

அடுத்து, டிவி எந்த அலைவரிசையில் இருக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான் நெரிபடுகின்றன. டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் குழப்பம் வராது. சுவர்கள் தடுத்து 5 எட்டாவிட்டால் 2.4-இலேயே இருந்து, சேனலை 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். டிவியின் முதுகில் ஒட்டிக் கிடக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை, சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரால் வெளியே எடுத்துவிட்டாலே சில வீடுகளில் சரியாகிவிடும்.

இருந்தாலும் என் முதல் பரிந்துரை கேபிள்தான். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். படத்துக்கு அது தாராளம். சுவரோரம் கிளிப் அடித்துக் கொண்டுபோனால் டிவிக்கு வைஃபையே வேண்டாம்.

கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு மட்டும், வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர். அதை டிவிக்குப் பக்கத்தில், சிக்னல் செத்த இடத்தில் செருகினால் பயன் இல்லை. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் செருகுங்கள்.