தாய்ப்பால் சுரக்கும் விதம்

தறியும் வயலும் நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதமும் உணவளிப்பவள் தாய் ஒருத்தியே. அவ்வுணவு அவள் உடலில் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்த வீட்டில்தான் அவளுக்கு உரிய ஓய்வு கிடைக்கும். ஆகையால் இப்பாடத்தை ஆண்களும் படித்தல் வேண்டும்.

பெண் பருவமடையுங்கால், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் மார்பில் பால் நாளங்கள் கிளைவிடுகின்றன; கொழுப்பும் சேர்கிறது. கருவுற்றபின், அக்கிளைகளின் நுனியில் திராட்சைக் குலைபோலப் பாற்பைகள் வளர்கின்றன. பால் ஊறுவது இப்பைகளில்தான். மார்பின் பருமனோ பெரும்பாலும் கொழுப்பைப் பொறுத்தது. எனவே, "மார்பு சிறியது, பால் போதாது" என்று இளந்தாயை அஞ்சவைப்பது தவறு.

கருப்பக் காலத்தில் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் பால் பெருகாதவாறு தடுத்து நிற்கிறது. நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் அத்தடை நீங்குகிறது. முதல் சில நாட்களில் வருவது சீம்பால். அளவிற் சிறிதாயினும் நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் மிகுதி. பசு ஈன்றவுடன் கன்றுக்குச் சீம்பால் ஊட்டவேண்டும் என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். கன்றுக்குச் செய்வதை நம் குழந்தைக்குச் செய்யாதிருக்கலாமா? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித்தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் புகட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுத்தலே முறை.

குற்றால அருவி வானத்தை நம்பியது. மழை பெய்தால் கொட்டும், பொய்த்தால் வற்றும். தாய்ப்பால் அத்தகையதன்று. இறைத்த கிணறு ஊறும் என்பதே அதன் நியதி. குழந்தை சப்பும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் பாற்பைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. வலியும் கவலையும் பால் இறங்குவதைத் தடுக்கும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும்.

தென்காசி வட்டாரத்தில் வீட்டிலேயே தறி வைத்திருப்போர் இதை நன்கு கருதவேண்டும். "இந்தத் தாரைச் சுற்றி முடி, அதுவரை புட்டிப்பால் கொடுப்போம்" என்று ஒரு வேளை தொடங்குவது, நாளடைவில் மூன்று வேளையாகிறது. மார்பில் பால் தேங்கிச் சுரப்பு குறைகிறது. பிறகு "பால் வற்றிவிட்டது" என்கிறோம். அது தானாக வற்றவில்லை. நாம் வற்றச் செய்தோம். பால்மாவுச் செலவும் கூலியில் விழுகிறது.

புட்டியைக் கழுவும் நீர் தூய்மையற்றதாயின் வயிற்றுப்போக்கு வரும். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் நீரே. ஆகவே ஆறு மாதம் முடியும்வரை, சாரல் காலத்தில் வெந்நீரும் வேண்டா. கோடையில் தண்ணீரும் வேண்டா. அதன்பின் மற்ற உணவுடன், இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் குறைவு. தாய்க்கும் நன்மை உண்டு. பிரசவித்தவுடன் பாலூட்டினால் கருப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறைகிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியான முடிவின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் மார்புப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சல் கண்டால், பாலூட்டலை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேறு நோய்க்கு மருந்துண்ணும் தாய்மாரும் மருத்துவர் சொற்படி நடப்பாராக.

2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பை அளித்தது. தன் வீட்டில் தார் சுற்றும் பெண்ணுக்கு அவ்விடுப்பு இல்லை. அவளுக்கு விடுப்பு அளிக்க வல்லவர் மாமியாரும் கணவருமே. குழந்தை அழும்போது அவள் கையிலுள்ள ராட்டையை மற்றொருவர் வாங்கிக்கொள்வாராக. கூட்டுறவு என்பது முதலில் வீட்டிற்குள் தொடங்கட்டும்.