துவக்குக் குழலும் கைக்காப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குறிபார்த்துச் சுடுதல் இலங்கையில் படையினருக்கும் பொலிசாருக்கும் உரிய பயிற்சியாக மட்டும் நின்றுவிடாமல் ஒரு விளையாட்டாகவும் நிலைபெற்றுள்ளது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் இலங்கையின் சார்பில் பங்கேற்றார். இத்துறையில் புதிதாக நுழைவோரை அடிக்கடி குழப்பும் குறை ஒன்று உண்டு. முன்னாலிருந்து பார்க்கும்போது, குழல் அதைச் சூழ்ந்துள்ள கைக்காப்பின் நடுவில் அமையாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதே அது. குழல் என்பது குண்டு செல்லும் உருக்குக் குழாய். அதன் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்வரிகளே குண்டைச் சுழலவைத்து அதன் போக்கை நிலைநிறுத்துகின்றன. கைக்காப்பு என்பது குழலை மூடி, சுடுபவரின் முன்கைக்குப் பிடிமானம் தரும் மர அல்லது உலோக உறை. இரண்டும் துவக்கின் நடுவிலுள்ள உடற்பகுதியில் வந்து சேர்கின்றன. இவற்றின் விலகல் குறித்து வழங்கும் நம்பிக்கைகள் பல, காரணத்தைத் தேடவிடாமல் தவறான திருத்தத்துக்கு இட்டுச்செல்வதால், ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கத் தக்கவை.

நம்பிக்கை 1: குழல் நடுவில் இல்லையென்றால் குழல் வளைந்திருக்கிறது.

உண்மை: விலகியிருப்பது பெரும்பாலும் குழல் அன்று, கைக்காப்பே. 300 மில்லிமீற்றர் நீளமுள்ள கைக்காப்பு, உடற்பகுதியோடு சேரும் அடியில் ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் சரிந்திருந்தாலும், அதன் நுனி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் விலகி நிற்கும். கண் அந்த நுனியைப் பார்த்தே தீர்ப்பளிக்கிறது. அடியில் அத்தகைய சிறு சரிவு ஏற்படப் பொருந்துமுகத்தில் ஒட்டிய அழுக்கோ, ஒருபக்கம் மட்டும் கூடுதலாக இறுகிய திருகாணியோ, உப்பிய மரமோ போதும். குழல் உண்மையாகவே வளைந்துள்ளதா என்பதைத் தீர்மானிக்க அதன் உட்புறத்தைத் தகுந்த கருவியால் நோக்க வேண்டுமே தவிர, வெளியுறையை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது.

நம்பிக்கை 2: கைக்காப்பு குழலை இறுகப் பற்றியிருந்தால் குறி பிசகாது.

உண்மை: சுடும் கணத்தில் குழல் அதிர்கிறது, வெடிமருந்தால் இயங்கும் துவக்கில் அது தொடர்ந்து சூடேறவும் செய்கிறது. 640 மில்லிமீற்றர் நீளமான உருக்குக் குழலின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அதன் நீளம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் கூடும். நீள இடமின்றிப் பற்றப்பட்ட குழல் கைக்காப்பைத் தள்ள, கைக்காப்பு அதை ஒருபக்கமாகத் திருப்பித் தள்ள, முதலாம் குண்டும் பத்தாம் குண்டும் வெவ்வேறு இடங்களில் படுகின்றன. இக்காரணத்தால்தான் இக்காலப் போட்டித் துவக்குகள் பலவற்றில் குழல் அடியில் மட்டும் பிணைக்கப்பட்டு, எஞ்சிய நீளம் முழுவதும் எதையும் தொடாதபடி விடப்படுகிறது. இதனைத் தொடாக்குழல் அமைப்பு எனலாம். அத்தகைய துவக்கில் குழல் சரியாக நடுவில் இல்லாவிட்டாலும், சுற்றிலும் இடைவெளி இருக்கும்வரை சுடுதிறனுக்குக் கேடில்லை. ஒரு புள்ளியிலேனும் உறை குழலைத் தொடுமானால் அதுவே கேடு.

நம்பிக்கை 3: அப்படியானால் எந்தத் துவக்கிலும் கைக்காப்பு குழலைத் தொடக்கூடாது.

உண்மை: இது முந்தைய நம்பிக்கையின் மறுமுனைத் தவறு. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் இலங்கைப் படைகளின் கையிலும், அதன் பின்னரும் பொலிசாரின் கையிலும் இருந்த .303 லீ-என்பீல்ட் ரைபிளில், நுனிவரை நீளும் மரக்கட்டை குழலைக் குறிப்பிட்ட இடங்களில் தாங்கி, மேல்நோக்கி அழுத்தும்படி திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டது. மெல்லிய குழலின் அதிர்வை ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக ஆக்குவதே அந்த அழுத்தத்தின் நோக்கம். அத்தகைய பழந்துவக்கின் மரத்தைச் சீவி இடைவெளி உண்டாக்கினால், திருத்தம் என்ற பெயரில் வடிவமைப்பே சிதைக்கப்படுகிறது. சீவிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. எனவே குழல் தொடுகிறதா என்பதைக் காட்டிலும், அந்த வகைத் துவக்கில் எங்கே தொட வேண்டும், எங்கே தொடக்கூடாது என்பதே முதலில் அறியப்பட வேண்டியது.

நம்பிக்கை 4: கைக்காப்பின் விலகல் வெறும் தோற்றக்குறை.

உண்மை: குறிபார்க்க உதவும் பாகமான குறிகாட்டி எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூறலாம். முன், பின் குறிகாட்டிகள் இரண்டும் குழலிலோ உடற்பகுதியிலோ அமைந்து, உறை குழலைத் தொடாமலும் இருந்தால், விலகல் தோற்றக்குறை மட்டுமே. குறிகாட்டிகளில் ஒன்று கைக்காப்பின்மேல் அமைந்திருந்தாலோ, உறை அசைய அசையக் குறிக்கோடும் அசைகிறது. குறிகாட்டிகளுக்கு இடையே 700 மில்லிமீற்றர் தொலைவுள்ள துவக்கில் ஒன்று 0.05 மில்லிமீற்றர் பெயர்ந்தால், 10 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கில் குண்டு படும் இடம் ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் மாறும்; எயார் ரைபிள் இலக்கட்டையில் பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டமோ 0.5 மில்லிமீற்றர்தான். எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. மாறாத விலகலைக் குறிகாட்டியைத் திருகி ஈடுசெய்துவிடலாம். நாளுக்கு நாள், சூட்டுக்குச் சூடு மாறும் விலகலை எந்தக் குறிகாட்டியாலும் ஈடுசெய்ய முடியாது.

நம்பிக்கை 5: தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தப்பட்டது பின்னர் மாறாது.

உண்மை: கொழும்பின் காற்றை அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அந்நகரின் பகுதிகளான வெள்ளவத்தை கடலையொட்டியும் கொட்டாஞ்சேனை துறைமுகத்தையொட்டியும் அமைந்தவை. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த காற்று, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடலின் உப்பையும் சுமந்துவருகிறது. மரம் நார்வாக்கில் மிகச் சிறிதளவும், நாருக்குக் குறுக்காகக் கணிசமாகவும் உப்பும் இயல்புடையது. மழைக்காலத்தில் வீட்டுக் கதவுகள் நிலையில் சிக்குவதற்குரிய அதே காரணத்தால், வறண்ட நாளில் குழலைத் தொடாத மரக் கைக்காப்பு ஈரமான நாளில் தொடக்கூடும். உலோகக் கைக்காப்பும் முற்றிலும் தப்புவதில்லை: அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், இரண்டுக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் எழுந்து அலுமினியம் அரிக்கப்படுகிறது. அங்கே படியும் வெண்ணிறத் துகளே அடுத்த முறை பூட்டும்போது கைக்காப்பைச் சரிக்கப் போதுமானது.

நம்பிக்கை 6: இன்னும் பலமாக முறுக்கினால் நேராகிவிடும்.

உண்மை: மிகுதியான முறுக்கு சரிவின் காரணத்தை நீக்காமல், அந்தச் சரிவை அழுத்தமாக மாற்றி உலோகத்துள்ளும் மரத்துள்ளும் பூட்டிவைக்கிறது, புரி தேய்வதும் மரம் பிளப்பதும் அதன் பின்விளைவுகள். உற்பத்தியாளர் ஒவ்வொரு திருகாணிக்கும் குறிப்பிடும் முறுக்களவு, நேர்செய்வதற்காகத் தரப்பட்டதன்று. ஏற்கனவே நேராக அமர்ந்த பாகங்களை ஒரேவிதமாகப் பிணைப்பதற்காகத் தரப்பட்டது. குழலைத் தட்டியோ நெம்பியோ நிமிர்த்த முயல்வது இதனினும் கேடானது; குண்டு வெளியேறும் பாதையைச் சேதப்படுத்தும் அச்செயல் சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் ஆபத்தாக முடியலாம்.

இவற்றை ஒருங்கே நோக்கினால், விலகலைக் கண்டவுடன் எழவேண்டிய கேள்விகளின் வரிசை தெளிவாகும். துவக்கு வெறுமையாக உள்ளது என்பது ஐயமற உறுதிசெய்யப்பட்ட பின்னர், விலகியது குழலா உறையா, உறை தொடக்கூடாத இடத்தில் தொடுகிறதா, அந்த விலகல் மாறாததா மாறுவதா என்று கேட்டறிவதே முறை. மெல்லிய தாளொன்றைக் குழலுக்கும் உறைக்கும் நடுவே நகர்த்திப் பார்த்தாலே இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கழற்றிச் சீர்செய்வது கழகத்தின் அல்லது படைப்பிரிவின் தேர்ந்த திருத்துநருக்கு உரிய பணி. துவக்கு சட்டக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது: 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துகிறது. 2009வரை நீண்ட உள்நாட்டுப் போரின் இழப்புகளைச் சுமக்கும் சமூகத்தில் இக்கட்டுப்பாட்டின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு மில்லிமீற்றர் விலகலைக் கண்டு உடனே கருவியை எடுக்காமல் அதன் காரணத்தைப் பொறுமையாகத் தேடும் மாணவனிடம், இந்த விளையாட்டு முதன்மையாகக் கோரும் கட்டுப்பாடு ஏற்கனவே உருவாகத் தொடங்கிவிட்டது.