பனிக்கு ஏற்ற சூப் எது?

கேள்வி: மார்கழிப் பனிக்குச் சூடாகக் குடிக்க, பாக்கெட் மாவு இல்லாமல் வீட்டிலேயே சூப் வைக்க முடியுமா? (வாசகி, பசுமலை)

பதில்: தாராளமாக. 'முல்லிகடானி' என்று ஆங்கிலேயர் கொண்டாடிய சூப்பின் பெயரே நம் மிளகுத் தண்ணீரின் திரிபுதான். அவர்கள் அதில் இறைச்சியும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. குழைய வெந்த பருப்பின் மாவுச்சத்தே தண்ணீரைக் கெட்டியாக்கிவிடும், சோளமாவு எதற்கு? நான்கு பேருக்கு 50 கிராம் துவரம்பருப்பை வேகவைத்துக் கடைந்து, ஒரு லிட்டர் தண்ணீர் விடுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு தக்காளியை வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, அது வெந்ததும் உப்பிடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகையும் அதே அளவு சீரகத்தையும் ஒன்றிரண்டாக இடித்து, இறக்கும்போது தூவுங்கள். மிளகின் வாசனை ஆவியாகிப் போகக்கூடியது. முதலிலேயே போட்டால் காரம் மிஞ்சும், மணம் அடுப்படியோடு போய்விடும்.

இது ரசம்தானே என்பீர்கள். உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் ரசத்தின் புளியும் உப்பும் சோற்றை நம்பி வைக்கப்படுபவை. கிண்ணத்தில் ஊற்றி வெறுமனே குடிக்க அவை தூக்கல். அதனால்தான் இங்கே புளி இல்லை. மதுரையின் மார்கழி இரவே சுமார் 20 டிகிரிதான், இதற்குச் சூப்பா என்று கேட்பவர்கள், மாலையில் ஆட்டுக்கால் சூப் கடை முன் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கட்டும். சளியை இந்தப் பருப்புச் சூப் குணமாக்காது. சூடான ஆவி மூக்கடைப்பைச் சற்று இளக்கும், அவ்வளவே.