அடிவால்வு அசையவில்லையா?

‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தின் மேன்டில் காமெடி வந்ததிலிருந்து பெட்ரோமாக்ஸ் என்றால் நமக்கு மேன்டில்தான் ஞாபகம். பழைய விளக்கைத் தேற்ற உட்காருகிறவருக்கு மேன்டில் ஒரு பொருட்டே இல்லை, கடையில் வாங்கிக்கொள்ளலாம். அவரைப் பாடாய்ப் படுத்துவது பம்ப் குழாயின் அடியில் ஒளிந்திருக்கும் விரல்நுனி அளவுப் பித்தளை வால்வு. காற்றை டேங்குக்குள் விடும், திரும்பி வர விடாது. உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் ரப்பரிலோ தக்கையிலோ ஒரு பொட்டும், அவ்வளவுதான்.

முதலில், அதைக் கழற்றத்தான் வேண்டுமா? அடித்த பிறகு பம்ப் பிடி தானாக மேலே எழும்பினாலோ, குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஏறி நின்றாலோ வால்வு ஒழுகுகிறது, கழற்றியாக வேண்டும். பிடி எந்தத் தடையும் இல்லாமல் தொளதொளவென்று போய்வந்தால் குற்றவாளி தோல் வாஷர். காய்ந்த தோலுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு விரித்துவிட்டால் வேலை முடிந்தது. தோலின் குற்றத்துக்கு வால்வைத் தண்டித்தவர்கள் நிறையப் பேர்.

கழற்ற நாலைந்து வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வழி டேங்கை என்ன செய்யும்? வால்வு போனால் வேறு வாங்கலாம். பம்ப் குழாய் பெரும்பாலும் ஈயப்பற்றில்தான் டேங்கோடு நிற்கிறது. அது விட்டுப்போனால் விளக்கே போச்சு.

அந்த வகையில் ஊறவைப்பதுதான் எனக்கு முதல் வழி. பித்தளை துருப்பிடிக்காது; மரையைப் பிடித்துக்கொண்டிருப்பது களிம்பும், பிசினாக இறுகிப்போன பழைய மண்ணெண்ணெயும். பம்ப் குழாய் செங்குத்தாக நிற்கும்படி டேங்கைச் சாய்த்து வைத்து, வால்வு மூழ்குமளவு ஊடுருவும் எண்ணெயை ஊற்றுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேடிக் கியர் வண்டிக்கு ஊற்றும் எண்ணெயும் சரிபாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். பெயின்ட் அடித்த டேங்கில் மட்டும் அசிட்டோன் சிந்தக்கூடாது. ஒரு ராத்திரி போதாது, மூன்று நாள் விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள்தான் அடுத்த நாளே சுத்தியலைத் தேடுகிறார்கள்.

சூடு காட்டலாமா? வெந்நீர் என்றால் தாராளமாக. காலி டேங்கின் அந்தப் பக்கத்தைக் கொதிநீரில் அமிழ்த்தினால் பிசின் இளகும். வால்வும் அது உட்காரும் இடமும் ஒரே பித்தளை என்பதால் இரண்டும் சேர்ந்தே விரியும். ஒன்று விரிந்து இன்னொன்றை விட்டுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். ஈயப்பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும், சுடருக்கு அது ஒரு நிமிட வேலை. ஒருமுறை அவசரப்பட்டு நானே காட்டியிருக்கிறேன். வால்வு அப்படியே இருந்தது, குழாய் சாய்ந்தது. மண்ணெண்ணெய் ஆவி தங்கிய டேங்கில் சுடர் பட்டால் சேதம் குழாயோடு நிற்காது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊறியபின் சாவி. பல வால்வுகளின் தலை இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். நுனியில் பிளவுள்ள நீளக் கம்பி அதற்குப் பொருந்தும். சிலவற்றில் தலையில் பள்ளம் இருக்கும். அதற்கு அகல நுனியுள்ள நீளத் திருப்புளி. பிளவுச் சாவி கிடைக்காவிட்டால் இரும்புக் கம்பியின் நுனியை ரம்பத்தால் அறுத்து லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். பிளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தலை மழுங்கிவிடும், அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது.

கையால் சாவியைத் திருகுவதைவிட இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. சாவியை வைஸில் செங்குத்தாக இறுக்கிவிட்டு, மேல்பாகம் எல்லாவற்றையும் கழற்றிய டேங்கைத் தலைகீழாக அதன்மேல் இறக்குங்கள். பம்ப் சாய்வாக இருக்கும் விளக்கில் டேங்கும் கோணலாகத்தான் உட்காரும், பரவாயில்லை. உடம்பின் கனத்தை மேலே போட்டு அழுத்திக்கொண்டே, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக டேங்கைத் திருப்புங்கள். கனம் மேலே இருப்பதால் சாவி நழுவாது, இரண்டு கையின் பலமும் கிடைக்கும். அசையாவிட்டால் முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பிப் பிறகு கழற்றும் பக்கம். அதற்கும் மசியவில்லையா, மறுபடி மூன்று நாள் ஊறல். குழாய் தானே திரும்புவதுபோல் தோன்றினால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள்.

துளையிட்டு எடுப்பது கடைசி வழி. தலை முற்றிலும் மழுங்கி, விளக்கைக் கைவிடுவதா துளையிடுவதா என்ற நிலை வந்தால் மட்டும். பித்தளைத் துருவல் டேங்குக்குள் விழும், மரை கெடும். ஒழுகும் வால்வோடு அலமாரியில் அழகுக்கு வைத்துவிடுவதும் மரியாதையான முடிவுதான்.

எந்த வழியானாலும் தொடங்குமுன் காற்றுத் திருகைத் திறந்து டேங்கின் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். கழன்று வந்த வால்வைத் தூக்கிப்போட வேண்டாம்; பொட்டை மண்ணெண்ணெய் தாங்கும் ரப்பருக்கு மாற்றி, அடியில் புது ஈய வாஷர் வையுங்கள். திருப்பிப் பொருத்துமுன் வாயில் வைத்து இரண்டு பக்கமும் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும்.